திருமலை எனும் திருகோணமலையிலிருந்து பேஸ் கிட்டாரோடு பயணம்: பாக், பெட்டி தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

கடைகளில் தொங்கும் கிட்டார் பாக்குகளில் பெரும்பாலானவை ஆறு தந்திக் கிட்டாருக்குத் தைத்தவை. வழக்கமாக நான்கு தந்தி கொண்ட, தாழ்ந்த சுரம் தரும் பேஸ் அதைவிட ஏறக்குறைய ஒரு சாண் நீளம் கூடியது. அந்தப் பாக்கில் திணித்தால் சிப் முக்கால்வாசியில் நின்றுவிடும். தலை, அதாவது தந்தி முறுக்கும் டியூனர் காதுகள் உள்ள நுனி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு பொலித்தீனைச் சுற்றி ஓட்டோவில் ஏற்றி உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ கொண்டுபோவது இங்கே வழக்கமான காட்சி. கிட்டாரில் முதலில் உடையக்கூடிய இடமே அந்தத் தலைதான்.

பாக் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி "எந்தப் பிராண்ட்?" என்பதல்ல. கிட்டார் எதில் ஏறப்போகிறது, அதை யார் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் கையைவிட்டுப் போகாத பயணத்துக்கு ஒரு பை போதும். வேறொருவர் தூக்கி எறியப்போகும் பயணத்துக்குப் பெட்டி வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவை.

படி 1: அளவெடுத்தல்

தையல் டேப் ஒன்றும், இன்னொருவரின் கையும் போதும். கிட்டாரை மெத்தையில் மல்லாக்காகக் கிடத்தி ஐந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது முழு நீளம். தலையின் நுனியிலிருந்து அடியில் ஸ்ட்ராப் மாட்டும் பித்தான் வரை அளக்க வேண்டும். உடல் மரத்தோடு நிறுத்தினால் ஒன்றரை, இரண்டு செ.மீ. குறைந்துவிடும். 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) உள்ள வழக்கமான பெண்டர் பிரசிஷன், ஜாஸ் வடிவங்கள் 117 முதல் 119 செ.மீ. வரை வரும். ஐந்து தந்தியில் 35 அங்குல ஸ்கேல் என்றால் இரண்டரை செ.மீ. கூடும், தலையும் பெரிது. 30 அங்குலக் குறுகிய ஸ்கேல் பேஸ்களில் சில சாதாரண கிட்டார் பெட்டிக்குள் போய்விடும், ஆனால் அளக்காமல் நம்பக்கூடாது. கிப்சனின் தண்டர்பேர்ட் போன்ற நீட்டி வளைந்த வடிவங்களுக்கு அவற்றுக்கென்றே செய்த பெட்டியைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது, உடலின் அகலமான இடம். மூன்றாவது, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் இருக்கும் இடத்துத் தடிப்பு. மரம் நாலரை செ.மீ.தான் இருக்கும், பிரிட்ஜும் தந்தியும் நொப்களும் சேர்ந்தால் ஆறரை வரை போகும். நான்காவது, டியூனர் காதுகளோடு சேர்த்துத் தலையின் அகலம். ஐந்தாவது, நட்டிலிருந்து (தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் தந்திகள் பதியும் சிறு கட்டை) உடல் தொடங்கும் இடம் வரையான தூரம். இந்தக் கடைசி அளவைப் பலர் எடுப்பதில்லை. கழுத்தைத் தாங்கும் மெத்தை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க இதுதான் தேவை.

பாக்கின் உள்நீளம் கிட்டாரைவிட 2 முதல் 4 செ.மீ. கூடியிருந்தால் நல்லது. 8 செ.மீ. கூடினால் கிட்டார் உள்ளே ஓடி விளையாடும். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் வெளியளவு. மெத்தையின் தடிப்பை இரண்டு பக்கமும் கழித்துத்தான் உள்ளளவைக் கணக்கிட வேண்டும்.

படி 2: எங்கே உடையும், ஏன் உடையும்

நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 75 முதல் 80 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவையோடு பெட்டி மல்லாக்க விழுகிறது என்று வையுங்கள். உடல் மெத்தையில் நின்றுவிடும். நான்கு இரும்பு டியூனர்களின் பாரத்தோடு தலை மட்டும் நிற்காமல் பின்னோக்கிப் போகும். விரிசல் நட்டுக்குக் கீழே விழும். கிப்சன் வகையில் தலை பின்புறம் சாய்ந்திருப்பதால் மர இழை அந்த இடத்தில் குறுக்காக அறுபட்டிருக்கும். ஆகவே சிறிய அடிக்கே உடையும். பெண்டர் வகையின் தட்டையான தலை கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

ஆகவே நல்ல பெட்டியில் தலை எதையும் தொடக்கூடாது. கழுத்து, நட்டுக்கு அருகே ஒரு மெத்தைத் தொட்டிலில் கிடக்க, தலை அந்தரத்தில் நிற்க வேண்டும். சோதிப்பது எளிது: கிட்டாரை உள்ளே வைத்துத் தலைக்கு அடியில் ஒரு கடதாசியை விட்டு இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் சரி. சிக்கினால் தலை தரையில் கிடக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டி எவ்வளவு விலையானாலும் வேண்டாம், அல்லது கழுத்துக்கு அடியில் இன்னொரு துண்டு மெத்தை ஒட்ட வேண்டும்.

இரண்டாவது இடம், அடியிலுள்ள ஸ்ட்ராப் பித்தான். பாக்கை நிமிர்த்தி வைக்கும் ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ பாரமும் அந்த ஒரு திருகாணியில் இறங்குகிறது. பஸ் படியில் ஒருமுறை "டக்" என்று வைத்தால் பித்தான் மரத்துக்குள் இறங்கி, இழை வழியே வெடிப்பு ஓடும். ஸ்ட்ராப் லொக் போட்டவர்களுக்கு நீட்டல் இன்னும் கூட, ஆபத்தும் கூட. பாக்கின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள்: குறைந்தது 3 செ.மீ. கெட்டியான மெத்தையோ, நடுவில் குழி விட்ட ரப்பர் கட்டையோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடலோரத்தில் அணியும் ரப்பர் செருப்பின் பழைய அடிப்பாகங்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, நடுவில் பித்தான் போகும் அளவுக்கு ஓட்டை வெட்டிப் பாக்கின் அடியில் வைத்துவிடலாம். அழகில்லை, வேலை செய்யும்.

படி 3: வகையைத் தெரிவு செய்தல்

மெல்லிய துணி உறை, 5 மி.மீ. மெத்தையோடு வருவது. கிட்டார் வாங்கும்போது சும்மா தருவார்கள். தூசிக்குச் சரி, பயணத்துக்கு அல்ல.

கிக் பாக், 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் மெத்தையுள்ளது. பாரம் 2 முதல் 3 கிலோ. இரண்டு தோள்வாரும், கழுத்துத் தொட்டிலும், அடிக்கட்டையும் இருந்தால் திருமலைக்குள்ளும், கொழும்புக்கு ரயிலில் கூடவே கொண்டுபோகவும் இதைவிட நல்ல தெரிவு இல்லை. மேலே ஏதும் ஏறி உட்கார்ந்தால் மட்டும் தாங்காது.

ரிஜிபோம் போன்ற கெட்டி நுரையில் வார்த்து வெளியே துணி போர்த்திய அரைப் பெட்டி. கிக் பாக்கின் பாரம், பெட்டியின் வடிவம். வான், கார் பயணத்துக்கு அருமை. ஆனால் நுரை ஒருமுறை வெடித்தால் அந்த இடம் பிறகு பாதுகாப்பில்லை. வெடிப்பு துணிக்குள் மறைந்திருப்பதால் மாதத்துக்கு ஒருமுறை விளிம்புகளை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்த்த ஹார்ட் கேஸ், 5 முதல் 6 கிலோ. விமானத்தில் சரக்காகப் போடுவதற்குக் குறைந்தபட்சத் தகுதி இதுதான். ரெக்சின் போர்த்திய பழைய பாணிப் பிளைவூட் பெட்டி வீட்டில் வைக்கவும் மேடைக்கு எடுக்கவும் அழகு. மாரி மழையில் விளிம்பு நனைந்தால் பிளைவூட் அடுக்கு அடுக்காகக் கழன்றுவிடும்.

அலுமினிய விளிம்பு போட்ட பிளைட் கேஸ் வெறுமனே 10 கிலோவைத் தாண்டும். லொறியில் சாமான் ஏற்றும் இசைக்குழுக்களுக்கு உரியது. தனியாளுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். ரயில் மேடையில் இதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

தச்சரிடம் செய்விப்பது

நாலு தந்தி பேஸுக்கு ஏற்ற பெட்டியைத் தேடி அலுத்தவர்கள் தச்சரிடம் போகலாம். உள்ளளவு 124 × 40 × 13 செ.மீ. போதும்: 118 நீளத்துக்கு இரு முனையிலும் 3 செ.மீ., 34 அகலத்துக்கு இரு பக்கமும் 3 செ.மீ., ஆறரை தடிப்புக்கு மேலும் கீழும் 3 செ.மீ. மெத்தை. இந்த அளவுக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீற்றர் பிளைவூட் போகும். 6 மி.மீ. பலகையென்றால் பலகை மட்டும் ஐந்து கிலோ சொச்சம், 9 மி.மீ. என்றால் எட்டுக் கிலோவைத் தொடும். தச்சர் 9தான் உறுதி என்பார். 6ஐ எடுத்து, மூலைகளில் மட்டும் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். மூடி மூன்றிலொரு பங்கு, அடி மூன்றிலிரண்டு பங்கு உயரம் இருந்தால் கிட்டார் திறக்கும்போது வழுக்கி விழாது. கொளுவி நான்கு, அவற்றில் ஒன்று கழுத்துப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த முனை வாய்பிளக்கும்.

மெத்தை ஒட்டும் பசை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் ஆவி நின்றுகொண்டிருக்கும். பெட்டியை இரண்டு மூன்று நாள் திறந்து நிழலில் வைத்து, மணம் முற்றாகப் போன பிறகே கிட்டாரை வையுங்கள். பழைய நைட்ரோ வார்னிஷ் பூச்சுள்ள கிட்டார்களின் மேற்பரப்பை இந்த ஆவி பிசுபிசுக்க வைக்கும். அதே பூச்சு ரப்பரோடும் ரெக்சினோடும் ஒட்டிக் கறைபிடிக்கும் என்பதால் உள்போர்வைக்குப் பருத்தி வெல்வெட் நல்லது.

படி 4: துணி, சிப், நுரை

திருமலைக்காரர் கவனிக்கவேண்டிய இடம் இது. கடலுக்குத் தள்ளிய ஊரில் நெடுநாள் உழைக்கும் பாக் இங்கே அதற்கு முன்பே போய்விடும். காரணம் உப்புக்காற்று.

துணி 600 டெனியர் (நூலின் தடிப்பைச் சொல்லும் எண்) பொலியெஸ்டர் என்றால் நடுத்தரம். 1680 என்றால் உராய்வுக்கு நன்றாக நிற்கும். எண்ணைவிட உட்பூச்சைப் பாருங்கள். தண்ணீர் புகாதிருக்க உள்ளே பூசும் பொலியூரிதேன் பூச்சு, ஈரப்பதமான இடத்தில் நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்து உரியும். கடையில் நெடுநாள் கிடந்த பாக்கின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் ஒட்டினாலோ புளித்த மணம் வந்தாலோ திருப்பிக் கொடுங்கள்.

சிப்பின் பற்கள் நைலோன் சுருளாக இருக்கட்டும். அளவு 8 அல்லது 10. எண் ஏறக்குறையப் பல்வரிசையின் அகலத்தை மி.மீ. கணக்கில் காட்டும். உலோகப் பல் உப்பில் பச்சை பூத்து இறுகும். நைலோன் சிப்பிலும் ஓட்டி உலோகம்தான், ஆகவே கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வந்தால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகுதிரியைப் பற்களில் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், மணலை இழுத்துச் சேர்க்கும்.

நுரையில் இரண்டு வகை. ஸ்பொஞ் போல அமுங்கும் திறந்த நுரை தண்ணீரை உறிஞ்சி நாட்கணக்கில் வைத்திருக்கும், நாறும். குமிழ் மூடிய பொலித்தீன் நுரை உறிஞ்சாது. பெருவிரலால் அமுக்குங்கள்: எதிர்த்து நின்று, விட்டதும் உடனே மீண்டால் அது மூடிய நுரை. விரல் அடிவரை போனால் பழைய தலையணைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

தோள்வார் தைத்திருக்கும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். பெட்டி வடிவில் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். ஒரு நேர்கோட்டுத் தையல் மட்டும் என்றால் வாங்கிய அன்றே சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து நைலோன் நூலால் அடித்துவிடுங்கள். முன்னால் நெஞ்சைச் சேர்த்துக் கட்டும் குறுக்குவார் இல்லாவிட்டால் அதையும் அவரே போட்டுத் தருவார்.

படி 5: அடைக்கும் முறை

தந்திகளை முற்றாகக் கழற்றவோ தொங்கவிடவோ வேண்டாம். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதால் கழுத்து பின்னே வளையும். பஸ், ரயிலுக்கு அப்படியே விடலாம். விமானச் சரக்குக்கு மட்டும் ஈ தந்தியை டி வரை இறக்கி, மற்ற மூன்றையும் அதே அளவு இறக்கினால் போதும்.

முன்பையில் கனமான எதையும் வைக்காதீர்கள். ஆம்பின் மின்கம்பி, பெடல், அடப்டர் எல்லாம் தந்தி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கு நேர் மேலே வந்து நிற்கும். பாக் விழுந்தால் அவைதான் கிட்டாரைக் குத்தும். பெடல் தனிப் பையில். பேஸுக்குள் 9 வோல்ட் பற்றரி இருந்தால் நீண்ட பயணத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். ஜாக்கில் கேபிள் செருகியபடி மூடினால் இரண்டில் ஒன்று வளையும்.

தந்திக்கும் கழுத்திலுள்ள பிரெட் கம்பிகளுக்கும் இடையே ஒரு பருத்தித் துண்டை நுழையுங்கள். கழுத்துக்கு அடியில் இடைவெளி இருந்தால் உருட்டிய ரீ-சேர்ட், தலையின் இரு புறமும் சுருட்டிய காலுறை. பிறகு பாக்கை மூடி, கிடையாகத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே "தொப்" என்று கேட்டால் அடைப்பு இன்னும் முடியவில்லை.

ஈரத்துக்கு, நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் 50 கிராம் பொட்டலம் இரண்டு. அரிசிக் கிழி வைக்கும் பழக்கம் இருக்கிறது. அது அவ்வளவாக உறிஞ்சாது, தூளும் வண்டும் மிச்சம். வாசித்து வியர்த்த கையோடு உடனே மூடினால் எந்தப் பொட்டலமும் காப்பாற்றாது. தந்திகளைத் துடைத்து, கால் மணித்தியாலம் காற்றாட விட்டு மூடுங்கள்.

படி 6: ஏற்றும் முறை

மோட்டார் சைக்கிள். முதுகில் மாட்டி உட்கார்ந்தால் பாக்கின் அடி இருக்கையில் முட்டும். தலை ஹெல்மெட்டுக்கு மேலே ஒரு சாணுக்கு மேல் நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அடிப்பித்தான் இடி வாங்கும், கேற்றுக்குள் நுழையும்போது தலை மேலே தட்டும். பின்னால் ஒருவர் இருந்து இருவருக்கும் நடுவே நிமிர்த்திப் பிடிப்பது நல்லது. தனியாகத்தான் போகவேண்டுமென்றால் வாரைத் தளர்த்தாமல் இறுக்கி, நெஞ்சு வாரையும் பூட்டி, இருக்கையில் அடிக்கு நேரே ஒரு மடித்த துவாய் வையுங்கள். பின் இருக்கையில் குறுக்காகக் கட்டவே கூடாது: 120 செ.மீ. நீளம் இரு பக்கமும் வீதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஓட்டோ. அடியைக் காலடியில், தலையை எதிர் மூலைக் கூரைப் பக்கமாகச் சாய்த்து, முழங்கால்களுக்கு நடுவே பிடியுங்கள். தலை வெளியே நீளவே கூடாது.

பஸ். மேல்தட்டு பேஸுக்கு ஒடுக்கம். வளைவில் உருண்டு விழும். சாரதிக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியில் "இதிலே வையுங்கோ" என்று நடத்துநர் அன்பாகச் சொல்வார். ஹபரணை வருமுன் அந்த மூடி கை வைக்க முடியாத சூடாகிவிடும், ஆகவே அங்கே வேண்டாம். பின் டிக்கியில் சூடு, தூசி, மேலே ஏறும் மரக்கறிச் சாக்கு. பெட்டியாக இருந்தால் மட்டும் டிக்கி. பாக் என்றால் ஜன்னலோர இருக்கை எடுத்து, காலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நிமிர்த்தி வைப்பதே வழி. கூட்டமில்லாத பஸ்ஸுக்குக் காத்திருப்பதை நேர விரயமாக நினைக்க வேண்டாம்.

ரயில். கொழும்புக் கோட்டைக்கு இரவில் போகும் தபால் ரயில் பேஸ்காரருக்கு வாய்ப்பான வண்டி. மேல்தட்டில் படுக்கை வாட்டில் வைத்து, இரண்டு இடத்தில் நைலோன் கயிற்றால் தட்டோடு கட்டுங்கள்: ஒன்று உடலின் இடுப்பில், மற்றது கழுத்தின் நடுவில். தலையில் கட்டாதீர்கள். கட்டிய பிறகு சிப் ஓட்டிகள் இரண்டையும் சிறு பூட்டால் சேர்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். வழியில் வண்டி நின்று கிளம்பும் குலுக்கலை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

கார், வான். பகலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். பசை இளகும், கழுத்து அசையும், ஸ்ட்ரிங் அக்ஷன் (பிரெட்டுக்கு மேலே தந்தி நிற்கும் உயரம்) மாறும். கச்சான் காற்று வீசும் காலத்தில் நிலாவெளியில் வாகனத்தை நிழலில் விட்டாலும் வெயில் சுற்றிவந்து பிடித்துவிடும். சாப்பிடப் போனால் கிட்டாரும் கூடவே வரட்டும்.

படி 7: விமானம்

பல விமானச் சேவைகள் சரக்குப் பொதிக்கு நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீ. என்று வரையறுக்கின்றன. பேஸ் பெட்டி 180ஐத் தொடும். ஆகவே அது எப்போதும் "அளவு மிஞ்சிய பொதி". ரிக்கற் எடுக்கும்போதே இசைக்கருவி என்று சொல்லி, அனுமதியையும் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்பது கட்டுநாயக்க கவுண்டரில் செல்லாது. ஒரு பொதி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு பேஸுக்குக் கவலையில்லை.

கிக் பாக்கோடு கபினுக்குள் ஏற்றலாம் என்ற நம்பிக்கையில் போகவேண்டாம். ஏற்றவிட்டால் அதிர்ஷ்டம், விடாவிட்டால் வாசலில் வைத்துப் பாக்கோடு சரக்குக்குப் போகும், அதுதான் மிக மோசமான முடிவு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். ரகச் சிறு விமானங்களில் மேல்தட்டு இன்னும் சிறிது. இன்னொரு இருக்கைக்குப் பணம் கட்டிக் கருவியை உட்கார வைக்கும் வசதி சில சேவைகளில் உண்டு. விலைமதிப்பான கருவிக்கு அது நியாயமான செலவு.

கழுத்தைக் கழற்றிச் சூட்கேசில் வைக்கும் யோசனையும் அடிக்கடி வரும். கழுத்து மட்டுமே சுமார் 85 செ.மீ.; சாதாரணச் சூட்கேசுக்குள் நேராகப் போகாது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் திருகாணி ஓட்டை தளரும். அடிக்கடி பறப்பவர்கள் தலையில்லாத பேஸ் ஒன்றை வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

கொடுக்குமுன் கிட்டாரையும் திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் படமெடுங்கள். பெயர், தொலைபேசி எண் எழுதிய தாளை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இறங்கியவுடன், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன், பெட்டியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். அடிபட்டிருந்தால் அங்கேயே முறைப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். அடியில்லாவிட்டால் உடனே திறக்க அவசரப்படாதீர்கள். சரக்கறைக் குளிரிலிருந்து வந்த மரத்தில் நம் ஊர்ப் புழுக்கம் பட்டதும் தண்ணீர் துளிர்க்கும், பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். மூடியபடியே மூன்று நான்கு மணித்தியாலம். திருமலை வந்து சேரும் நேரம் அதற்குத் தாராளம்.

ரோஸ்வுட் பிரெட்போர்ட் பற்றி இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். 2017 ஜனவரி 2 முதல் எல்லா ரோஸ்வுட் வகைகளும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. 1992 முதல் கடுமையான பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை. பழைய, விலைகூடிய கருவி வைத்திருப்பவர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும்.

வீடு வந்தபின்

பாக் நனைந்திருந்தால் கிட்டாரை வெளியே எடுத்துத் துடைத்து ஸ்டாண்டில் வையுங்கள். பாக்கின் எல்லாச் சிப்பையும் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் உட்பூச்சு இன்னும் விரைவாக உரியும். கடற்கரையில் வாசித்த நாளென்றால் முன்பையை உள்வெளியாகப் புரட்டி மணலை உதறுங்கள். மறுநாள் கழுத்தைக் கண்ணால் நீளவாட்டில் பார்த்து, தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி, ஒரு நாள் விட்டு மீண்டும் பார்த்த பிறகே ட்ரஸ் ரொட்டில் அலன் கீயை வையுங்கள். தேவைப்பட்டால் ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும்.